நூற்றுக்கு மேல் மார்க்!

குழந்தைகளே! திருத்தணி முருகன் கோயிலுக்கு எத்தனை படிகள் தெரியுமா? எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள், 365 என்று. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. சந்தேகமாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே மலை ஏறலாம்.

உங்கள் உயரத்தை டேப் வைத்து அளக்கலாம். எடையைத் தராசில் பார்க்கலாம். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். சரி, அறிவை எதை வைத்து அளப்பது?

இது என்ன கேள்வி, அதற்குத்தான் பரீட்சை இருக்கிறதே என்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கதையைக் கேளுங்கள். ஒரு பையன். இவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டாலும் போதாது என்று மேடையிலேயே புகழ்ந்தார் தலைமை ஆசிரியர். அதே பையன் அடுத்த மூன்று வருடங்களில் கல்லூரித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றான். இரண்டு மார்க்கும் ஒரே தலைக்குத்தான். எது சரி? எது தவறு? கதை முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

பேசாத குழந்தை

1887-ஆம் வருடம், டிசம்பர் 22. ஈரோட்டில் பாட்டி வீட்டில் அவன் பிறந்தான். அப்பா சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். சொற்பச் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிறிய வீடு.

குழந்தைக்கு மூன்று வயது வரை பேச்சே சரியாக வரவில்லை. ஊமையாக இருக்குமோ என்று அம்மா கவலைப்பட்டார். காஞ்சிபுரத்தில் இருந்த தாத்தாவிடம் அழைத்துப் போனார்கள். தரையில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்துகளை எழுத வைத்தார்கள். மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது, எழுத்தும் வந்தது.

பள்ளிக்கூடம் போவதென்றால் அவனுக்கு வேப்பங்காய். சென்னையில் சில காலம் இருந்தபோது, அவனை வகுப்புக்கு அனுப்ப உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவரின் உதவியையே வீட்டார் கேட்க வேண்டியிருந்ததாம்!

அந்தப் பையன்தான் 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தமிழ், ஆங்கிலம், புவியியல், கணக்கு எல்லாவற்றிலும் சேர்த்து மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். பெயர் ராமானுஜன். ஆமாம், கணித மேதை சீனிவாச ராமானுஜனேதான்!

கணக்குப் புத்தகம் செய்த மாயம்

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான் ராமானுஜன். அவன் வீட்டில் கல்லூரி மாணவர்கள் சிலர் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் 11 வயதுக்குள் கற்றுக்கொண்டான். அவர்களிடம் இரவல் வாங்கிய லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தை 13 வயதில் முடித்துவிட்டான்.

பள்ளியில் 1200 மாணவர்கள், சுமார் 35 ஆசிரியர்கள். யார் யாருக்கு எந்த வகுப்பு என்று பிரித்துப் போடுவது பெரிய தலைவலி. அந்த வேலைக்கு ராமானுஜனின் உதவியை ஆசிரியர்களே நாடினார்கள்.

1903-இல் நண்பர்கள் வழியாக இன்னொரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அதில் சுமார் 5000 கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. வேறு யாராவது என்றால் மூடி வைத்திருப்பார்கள். ராமானுஜனோ ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று தானே கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டான். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் எழுதுவான், முழங்கையால் அழிப்பான், மறுபடி எழுதுவான். முடிவை மட்டும் நோட்டில் குறித்து வைப்பான்.

1904-இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு ராமானுஜனுக்கு. அந்தப் பரிசை வழங்கியபோதுதான் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மார்க்குக்கும் மேலே போடத் தகுந்த மாணவன் இவன் என்று அறிமுகம் செய்தார்.

சறுக்கல்

உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் இப்போது அவர் மனம் முழுக்கக் கணக்கு, கணக்கு, கணக்கு! ஆங்கில வகுப்பிலும் கணக்கு. வரலாற்று வகுப்பிலும் கணக்கு. விளைவு? மற்ற பாடங்களில் தோல்வி. உதவித்தொகை பறிபோனது.

அந்தப் பணம் இல்லாமல் படிக்க வழியில்லை. வீட்டு முகத்தில் விழிக்கவும் வெட்கம். 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். அப்போது வயது 17. பெற்றோர் எவ்வளவு துடித்திருப்பார்கள்! நல்லவேளையாகப் பிறகு திரும்பி வந்தார்.

1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயற்சி. அங்கே உடலியல் என்ற பாடம் அவரை வாட்டி எடுத்தது. நூற்றுக்குப் பத்துகூட வாங்காத தேர்வும் உண்டு. எஃப்.ஏ. என்ற அந்தத் தேர்வு, ஏறக்குறைய இன்றைய பிளஸ் 2 போன்றது. 1906-இல் தோல்வி. 1907-இல் மறுபடியும் தோல்வி. கல்லூரிக் கதவு மூடிக்கொண்டது.

அதே வருடம், பாரிஸில்...

கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வாருங்கள், பாரிஸ் நகரம் வரை போய் வருவோம். ராமானுஜன் வீட்டை விட்டு ஓடிய அதே 1905-இல் அங்கே ஒரு வேலை நடந்தது.

பிரான்சில் எல்லாக் குழந்தைகளும் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வந்த பிள்ளைகளில் சிலருக்குப் பாடம் ஏறவில்லை. யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆல்ஃபிரட் பினே என்ற உளவியல் அறிஞரும் சைமன் என்ற டாக்டரும் சேர்ந்து 30 சோதனைகள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்கிறதா குழந்தை? சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்கிறதா? இரண்டு எடைகளில் எது கனம் என்று சொல்கிறதா? இப்படி எளிதிலிருந்து கடினம் வரை.

இதிலிருந்துதான் ஐ.க்யூ. என்ற எண் பிறந்தது. ஆசிரியர் பயிற்சியில் நுண்ணறிவு ஈவு என்று நாங்கள் படித்தோம். 10 வயதுக் குழந்தை 12 வயதுக் குழந்தைக்கு உரிய கேள்விகளுக்குப் பதில் சொன்னால், 12-ஐ 10-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கு, 120. இப்படி வகுத்துப் பார்க்கும் யோசனையை 1912-இல் சொன்னவர் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர். பினே 1911-இலேயே இறந்துவிட்டார்.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். பினே இந்தச் சோதனையைச் செய்தது யாரையும் மக்கு என்று முத்திரை குத்த அல்ல. எங்கே உதவி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான். அறிவு என்பது பிறக்கும்போதே அளந்து ஊற்றிய தண்ணீர் அல்ல, பயிற்சியால் அது வளரும் என்று அவர் நம்பினார். ஆனால் பின்னால் வந்த சிலர் அதை மறந்துவிட்டார்கள். அமெரிக்காவில், கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளை, ஊரும் மொழியும் புதிதான மக்களை, இந்தச் சோதனைகளில் உட்கார வைத்து, பலரை மந்தபுத்தி என்று எழுதிவிட்டார்கள். அளவுகோல் எதுவாக இருந்தாலும் அதைப் பிடிக்கிற கை முக்கியம்.

சரி, ராமானுஜனிடம் திரும்புவோம்.

நோட்டைத் திறந்தவர்கள்

1909-இல் ராமானுஜனுக்கு ஜானகியுடன் திருமணம் நடந்தது. இனி சம்பாதிக்க வேண்டும். பட்டம் இல்லை. கையில் இருந்தது கணக்கு நோட்டுகள் மட்டும். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்.

1910-இல் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. அவர் நோட்டைத் திறந்து பார்த்தார். வேலை கொடுக்கவில்லை! இப்படிப்பட்ட மூளையைத் தாலுகா அலுவலகத்தில் முடக்குவது பாவம் என்று நினைத்து, சென்னையில் இருந்த கணித ஆசிரியர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அவர்கள் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பல முறை பேசிப் பார்த்தார். எளியதில் தொடங்கி மெல்ல மெல்லப் பெரிய கணக்குகளை ராமானுஜன் விளக்க, ராவ் வியந்துபோனார். என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட நேரம் வேண்டும் என்றார் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுத்தார் ராவ்.

1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து விடுவார்களாம்.

கடல் கடந்த கடிதம்

நண்பர்கள் தூண்டுதலால் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார் ராமானுஜன். முதலில் எழுதிய இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. அவர்களும் பெரிய அறிஞர்கள்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவின் காகிதங்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள் அதில் இருந்தன. ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் ஹார்டியும் முதலில் நினைத்தார். ஆனாலும் தூக்கி எறியவில்லை. தன் நண்பர் லிட்டில்வுட்டோடு அன்றிரவு உட்கார்ந்து பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில தவறானவை. பல, உலகில் யாருமே கண்டிராதவை! எழுதியவர் மாபெரும் மேதை என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

அந்தச் செய்தி சென்னைக்கு வந்தது. எஃப்.ஏ. தேர்வில் அவரைத் தோற்றவர் என்று அறிவித்த அதே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது!

1914 மார்ச் 17-இல் ராமானுஜன் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒன்று புலப்பட்டது. இந்த மேதைக்குத் தெரியாத சாதாரண விஷயங்கள் நிறைய இருந்தன. ஒரு முடிவு சரி என்று படிப்படியாக நிரூபிக்கும் முறை பழக்கமில்லை. மற்றவர்கள் கல்லூரியில் படிக்கும் பகுதிகள் சில விடுபட்டிருந்தன. ஆக, எஃப்.ஏ. தேர்வைப் போலவே ஹார்டியும் ராமானுஜனிடம் குறைகளைக் கண்டார். ஆனால் தேர்வு, குறையைக் கண்டதும் கதவைச் சாத்தியது. ஹார்டி, குறையைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அவரிடமிருந்து தானும் கற்றுக்கொண்டார். பினே விரும்பியதும் இதைத்தானே!

19 கோடி வழிகள்

இருவரும் சேர்ந்து செய்த ஒரு கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 10-ஐ 42 விதமாகப் பிரிக்கலாம். 100-ஐ? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தால் ஆயுள் போதாது. எண்ணிப் பார்க்காமலே இதைக் கணக்கிட ஒரு வழியை ராமானுஜனும் ஹார்டியும் கண்டுபிடித்தார்கள்.

1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது, ஆராய்ச்சிக்காக. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கடுங்குளிர், முதல் உலகப் போர்க் காலம், சைவ உணவு சரியாகக் கிடைக்கவில்லை. 1917 முதல் மருத்துவமனை வாசம்தான். ஒருநாள் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை என்றார். படுக்கையில் இருந்த ராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது என்றார்!

1919-இல் ஊர் திரும்பினார். உடல் தேறவில்லை. படுத்த படுக்கையிலும் சிலேட்டை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 மட்டுமே. கடைசி நாட்களில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை அறிஞர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். அவர் பிறந்த டிசம்பர் 22-ஐத் தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம்.

எந்த மார்க் சரி?

ஹார்டியும் ஒருமுறை கணித அறிஞர்களுக்கு விளையாட்டாக மார்க் போட்டாராம். தனக்கு 25. லிட்டில்வுட்டுக்கு 30. ஜெர்மனியின் பெரும் மேதை ஹில்பர்ட்டுக்கு 80. ராமானுஜனுக்கு 100!

இப்போது சொல்லுங்கள். உடலியலில் வாங்கிய பத்துக்கும் குறைவான மார்க் பொய்யா? இல்லை. அந்தப் பாடத்தை அவர் படிக்கவில்லை. அதை அந்த மார்க் சரியாகவே சொன்னது. ஆனால் இந்தப் பையனால் எதுவும் ஆகாது என்று அந்த மார்க் சொல்லவில்லை. சொன்னதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தவறு அங்கேதான்.

அப்படியானால் நானும் பிடித்த பாடத்தை மட்டும் படிக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்! மற்ற பாடங்களை விட்டதற்கு ராமானுஜன் கொடுத்த விலை பெரிது. பல வருட வறுமை, அலைச்சல், பசி. நோட்டைத் திறந்து பார்க்க ஒரு ராமசாமி ஐயர் எல்லோருக்கும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

நானும் ஒரு தவறு செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி சேர்ந்தாள். எங்கள் பக்கம் ஆந்திர எல்லை. அவள் வீட்டில் தெலுங்குதான். என்ன கணக்குக் கேட்டாலும் தலை குனிந்து நிற்பாள். மந்தம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆடிக் கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் அவளைப் பார்த்தேன். அம்மாவோடு பூ விற்றுக்கொண்டிருந்தாள். ஒருவருக்குத் தமிழில் விலை சொல்கிறாள், அடுத்தவருக்குத் தெலுங்கில். எத்தனை முழம், எவ்வளவு பாக்கி என்று நொடியில் சொல்லிச் சில்லறை கொடுக்கிறாள்! என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. என் கேள்வியின் தமிழ்தான் புரியவில்லை. மறுநாள் முதல் அவளுக்குக் கணக்கைத் தெலுங்கிலும் சொன்னேன். அந்த வருடமே அவள் கை முதலில் உயர ஆரம்பித்தது.

திருத்தணி மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் நம் குடியரசுத் தலைவராகவே ஆனார் அல்லவா? அவர் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, முதலில் திருத்த வேண்டியது தேர்வு முறையைத்தான் என்று கருதியது. அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

ஆகவே குழந்தைகளே, ரேங்க் கார்டில் ஒரு பாடத்தில் மார்க் குறைந்தால் எங்கே புரியவில்லை என்று பாருங்கள். ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்காக உங்களை நீங்களே மக்கு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் நண்பனையும் அப்படிச் சொல்லாதீர்கள். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்!

செய்து பாருங்கள்

1. 10×10×10-ஐயும் 9×9×9-ஐயும் கூட்டுங்கள். பிறகு 12×12×12-ஐயும் 1×1×1-ஐயும் கூட்டுங்கள். ஹார்டி வந்த டாக்ஸி கிடைக்கிறதா?

2. 4-ஐ ஐந்து விதமாகப் பிரித்தோம். 5-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

(விடை: 1. இரண்டுமே 1729. 2. ஏழு விதம்.)